இளைப்பாறுவோருக்கு ஏற்ற இல்லம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



வாலிபர் சங்க மேடையில் முதுமையைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இஃது இடம் மாறி வந்த விஷயம் என்று உங்களிற் சிலருக்குத் தோன்றலாம். ஆனால் ஒரு படியை இடித்துக் கட்டவும், ஒரு கைபிடியைச் சுவரிற் பூட்டவும், கிணற்றடிப் பாசியைத் தேய்க்கவும் வலுவுள்ளவர்கள் நீங்கள்தாம். எவருக்காக அவற்றைச் செய்ய வேண்டுமோ அவர்களுடைய கைகளுக்கு அந்த வலு இப்போது இல்லை. ஆகையால் உரியவர்களிடமே பேசுகிறோம் என்ற திருப்தியோடு தொடங்குகிறோம்.

2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் நூற்றுக்கு 12 பேருக்கு மேல் 60 வயதை அடைந்தவர்கள். 2024 ஆம் ஆண்டு மதிப்பீட்டில் முதியோர் தொகை இன்னும் உயர்ந்து காணப்பட்டது. யாழ்ப்பாணத்தில் இதனை அறிய மதிப்பீட்டு அறிக்கை வேண்டியதில்லை. எந்த ஒழுங்கையிலும் பொழுதுபட்ட நேரத்தில் நடந்து பாருங்கள். பெரிய மதில், பெரிய கேற், உள்ளே ஒரேயொரு விளக்கு. அந்த விளக்கடியில் இரண்டு பேர், அல்லது ஒருவர். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் இருக்கிறார்கள். நாள்தோறும் தொலைபேசியிற் பேசுகிறார்கள், முகத்தையும் காண்கிறார்கள். ஆனால் இரவு இரண்டு மணிக்கு எழுந்து வெளியே போகும் தாய்க்குக் கைகொடுக்கத் தொலைபேசியால் இயலாது.

அரசாங்க உத்தியோகத்தர் 60 வயதில் இளைப்பாறுகிறார். அதன்பின் இருபது ஆண்டு வாழ்தல் இன்று புதுமையன்று. இளைப்பாறும்போது கையில் ஒரு தொகைப் பணம் வருகிறது. அந்தப் பணம் எங்கே போகிறது? மகளின் கலியாணத்திற்குப் போனால் நாம் ஒன்றும் சொல்வதற்கில்லை. மிச்சம் இருந்தால் மதிலுக்குப் போகிறது, கேற்றுக்குப் போகிறது, முன் விறாந்தையின் தூண்களுக்குப் போகிறது. வீதியால் போவோர் பார்க்கும் பக்கம் முழுவதும் அழகு பெறுகிறது. கிழவனாரும் கிழவியாரும் நாள்தோறும் புழங்கும் பின்பக்கமோ, அவர்கள் தந்தையார் கட்டியபடியே கிடக்கிறது.

நம் கல்வீடுகளைக் கட்டியவர்கள் அறிவிற் குறைந்தவர்கள் என்று சொல்ல வரவில்லை. வெள்ளம் ஏறாதபடி தளத்தை உயர்த்தினார்கள். பூச்சி புழு நுழையாதபடி நிலைக்குக் கீழே மரப்படி வைத்தார்கள். புகையும் நெருப்பும் வீட்டைத் தீண்டாதபடி அடுப்படியைத் தனியாக்கினார்கள். மலசலகூடத்தை வளவின் கடைசி மூலைக்குத் தள்ளினார்கள். ஒவ்வொன்றிற்கும் தக்க காரணம் இருந்தது. ஆயினும் அந்த வீடு முழங்கால் நன்றாக மடங்குகிறவர்களுக்காகக் கட்டப்பட்ட வீடு. கட்டியபோது அதிலே பத்துப்பேர் இருந்தார்கள். ஆச்சிக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்கப் பேரன் இருந்தான், விளக்குப் பிடிக்கப் பேத்தி இருந்தாள். வீட்டின் குறையை ஆட்கள் நிரப்பினார்கள். இன்று ஆட்கள் போய்விட்டார்கள். படிகள் மட்டும் அதே உயரத்தில் நிற்கின்றன.

விழுதல் என்பதைச் சிறு காரியமாக எண்ண வேண்டாம். ஆண்டுதோறும் உலகில் ஏறத்தாழ 684,000 பேர் விழுந்து இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. தற்செயலான காயங்களால் நேரும் மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்கே. இறப்போரில் மிகப் பலர் 60 வயதைக் கடந்தவர்கள். வீதி விபத்தைப் பற்றி நம் பத்திரிகைகள் கட்டம் போட்டு எழுதுகின்றன. கிணற்றடியில் விழுந்தவரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. ‘வயது போன மனுசி, விழுந்து படுக்கையிற் கிடந்து போய்விட்டார்’ என்று செத்தவீட்டிற் சொல்லிவிட்டு எழுந்துவிடுகிறோம். அந்தப் படுக்கைக்கு முன் ஒரு வழுக்கல் இருந்தது, அதற்கு முன் ஒரு பாசி இருந்தது என்பதைத் தேடுவார் இல்லை.

இளைஞன் விழுந்தால் உரசல் காயம், எழுந்து போகிறான். முதியவரின் எலும்பு உள்ளே நலிந்து, சத்துக் குறைந்து இருக்கிறது. பக்கவாட்டில் விழுந்தால் இடுப்போடு சேரும் தொடையெலும்பின் கழுத்து முறிகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் எலும்பு விரைவில் நலிவதால் இந்த ஆபத்து அவர்களுக்கு அதிகம். முறிந்ததை வைத்தியசாலையிற் பொருத்தலாம். ஆனால் பல நாள் படுக்கையிற் கிடந்தால் நெஞ்சிற் சளி கட்டுகிறது. முதுகிற் புண் வருகிறது. தொடைச் சதை கரைகிறது. முறிவே இல்லாமல் தப்பியவருக்கும் மனத்திலே பயம் புகுந்துவிடுகிறது. பயத்தால் நடையைக் குறைக்கிறார். நடை குறையக் கால் வலுவிழக்கிறது. வலுவிழந்த கால் மறுபடியும் தடுக்குகிறது.

இனி வீட்டுக்குள் வருவோம். எங்கே தொடங்குவது என்று கேட்டால், முன் வாசலில் அன்று, படுக்கையில் தொடங்குங்கள் என்போம்.

இரவிலே கிழவி ஒருத்தி எழுந்து மலசலகூடத்திற்குப் போய்வரும் பாதையை மனத்திலே நடந்து பாருங்கள். கட்டில் தாழ்வானது, எழ இரண்டுமுறை முயல வேண்டும். நுளம்பு வலையின் விளிம்பு நிலத்திற் கிடந்து காலிற் சுற்றுகிறது. சுவிச்சு கதவடியில் இருக்கிறது, அதுவரை இருட்டு. கதவின் மேல் தாழ்ப்பாளை எட்டித் திறக்க வேண்டும். நிலைப்படியைத் தாண்ட வேண்டும். பின் விறாந்தையிலிருந்து மூன்று படி இறங்க வேண்டும்; மூன்றும் மூன்று உயரம். பின்னர் முற்றம், முற்றத்து மணல், மாவிலைச் சருகு, பூவரசம் வேர். மலசலகூடத்திற்கு ஏற மீண்டும் இரண்டு படி. உள்ளே குந்த வேண்டும். குந்தினால் எழ வேண்டும். எழுவதற்குப் பிடிக்க ஒன்றும் இல்லை. கிழவியின் ஒரு கையில் ரோச் விளக்கு, மறு கையில் தண்ணீர்ச் செம்பு. இந்தப் பிரயாணம் இரவிலே ஒருமுறையோடு முடிவதில்லை.

இதற்கு நம் தாய்மார் கண்டுபிடித்திருக்கும் பரிகாரம் என்ன தெரியுமா? பிற்பகல் நாலு மணிக்குப் பின் தண்ணீர் குடிப்பதை விட்டுவிடுகிறார்கள். பின்னேரத் தேநீரையும் வேண்டாம் என்கிறார்கள். ‘எனக்குத் தாகமில்லை’ என்று சொல்வதை நாமும் நம்பிவிடுகிறோம். பங்குனி சித்திரை வெயிலில், வரண்ட நம் மண்ணில், தண்ணீர் குடியாத முதிய உடம்பு என்னாகும்? மலச்சிக்கல் வருகிறது; சிறுநீர்ப்பாதையிற் கிருமி பற்றுகிறது; எழுந்ததும் தலை சுற்றுகிறது; சுற்றியதும் விழுகிறார். பாதைக்குப் பயந்து தண்ணீரை விட்டவர், தண்ணீரை விட்டதனாலே விழுகிறார். உங்கள் வீட்டிலே ஆச்சி மாலையில் தண்ணீர் குடிக்கிறாரா என்று நாளைக்குக் கவனியுங்கள். வீட்டைச் சோதிப்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் நமக்குத் தெரியாது.

ஆகவே நாம் வேண்டுவது ஒன்றே. படுக்கை, மலசலகூடம், தண்ணீர் ஆகிய மூன்றும் ஒரே தளத்தில், ஒரே கூரையின் கீழ், இடையிலே படி இல்லாமல் வர வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் மற்றவை குறைவாயிருந்தாலும் ஒரு முதியவர் பிறர் கையை எதிர்பாராமல் நெடுநாள் வாழலாம். இவை சேராத வீட்டிலே பளிங்கும் தேக்கும் நிறைந்திருந்தாலும் அவருக்கு அது சிறைதான்.

வீட்டோடு மலசலகூடம் சேர்வது ஆசாரத்திற்கு ஏற்குமா என்று கேட்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கேட்கட்டும். வாளிக் கக்கூசு இருந்த காலத்தில் நாற்றத்தையும் இலையானையும் தூரத்தே வைத்தது சரியான புத்தி. இன்று வளைந்த குழாயிலே தண்ணீர் நின்று நாற்றத்தைத் தடுக்கிறது. காரணம் நீங்கிய பின்னும் தூரத்தை மட்டும் காப்பாற்றுவது ஆசாரமாகாது. ஆனால் வேறொரு தூரத்தைக் கண்டிப்பாகக் காப்பாற்ற வேண்டும். நம் நிலம் சுண்ணக்கல். மழைநீர் அதன் வெடிப்புகளால் இறங்கிக் கிணற்றைச் சேர்வது போலவே மலக்குழி நீரும் சேரும். ஆகவே இருக்கை வீட்டோடு வரலாம்; குழி கிணற்றை நெருங்கக் கூடாது. குழாய் வைத்துக் குழியைத் தள்ளிக் கட்டலாம். தொட்டியை அடியும் பக்கமும் சீமெந்தால் இறுக்கிக் கட்ட வேண்டும். இடத்தைக் குறிக்குமுன் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துக் காட்டுவது நல்லது. அயலவர் கிணற்றையும் சேர்த்து அளந்து பாருங்கள். அவர்களும் அந்தத் தண்ணீரையே குடிக்கிறார்கள்.

புதிதாகக் கட்டப் பணமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. நடுவே துவாரமுள்ள இரும்புக் கதிரை கடைகளிற் கிடைக்கிறது. அதனைக் குந்தும் கக்கூசின் மேல் வைத்தால் குந்தத் தேவையில்லை. கொமட் வைப்பதானால் அதன் இருக்கை 17 முதல் 19 அங்குல உயரம் இருக்கட்டும். மிகத் தாழ்ந்தால் எழுவது கடினம். இரவுக்கு மட்டும் கட்டிலருகே வாளி பொருத்திய கதிரை வைப்பதிலும் வெட்கமில்லை. காலையில் அதனைக் கழுவிக் கொடுப்பவர் அலுத்துக்கொள்ளாமல் இருந்தாற் போதும்.

கைபிடியைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் இதிலே பிழைவிடுவோர் அதிகம். துவாய் தொங்கவிடும் மெல்லிய கம்பி கைபிடி ஆகாது. முதியவர் வழுக்கும்போது தம் முழுப் பாரத்தையும் அதிலே போடுவார். அது கழன்று வந்தால் இல்லாததைவிடக் கேடு. ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலப் பருமனுள்ள குழாயே கைக்கு அடங்கும். சுவருக்கும் குழாய்க்கும் இடையே ஒன்றரை அங்குலம் வெளி விட வேண்டும்; கூடினால் கை முழங்கைவரை உள்ளே புகுந்து சிக்கும். சீமெந்துக் கல்லாற் கட்டிய புதுச் சுவரிலே ஆழத் துளைத்து இரும்பு ஆணி இறுக்கலாம். சுண்ணாம்புச் சாந்திற் கட்டிய பழஞ்சுவர் அதனைத் தாங்காது. பூச்சோடு பெயர்ந்து வரும். அப்படிப்பட்ட வீட்டிலே நிலத்திலிருந்து ஒரு தூணை நிறுத்திக் கொங்கிறீற் இட்டு, அந்தத் தூணிலே குழாயைப் பொருத்துங்கள். பூட்டி முடிந்ததும் உங்களிற் பாரமான ஒருவர் அதிலே தொங்கிப் பாருங்கள். அவர் தொங்கியபின் ஆச்சி பிடிக்கட்டும்.

மலசலகூடக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். நம் வீடுகளில் அநேகமாக உள்ளே திறக்கிறது. உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். வெளியே நிற்பவர் தள்ளத் தள்ள அவருக்கே நோகும். உட்தாழ்ப்பாளும் வெளியிலிருந்து ஒரு நாணயத்தாலோ கத்தியாலோ திருப்பித் திறக்கத் தக்கதாய் இருக்கட்டும்.

அடுத்ததாக மாபிள். இதைச் சொன்னால் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைகளுக்குக் கோபம் வரலாம். நாம் அறிந்த வீடொன்றிலே, இளைப்பாறிய ஆசிரியர் ஒருவருக்குப் பிள்ளைகள் அன்போடு பணம் அனுப்பினார்கள். பழைய சீமெந்து நிலத்தின்மேல் முகம் தெரியும் மாபிள் பதித்தாயிற்று. மேலே மாடி எழுந்தது. படுக்கையறையும் அதனோடு சேர்ந்த குளியலறையும் மாடியிலே. கலியாண வீடுபோல் எல்லாரும் வந்து பார்த்தார்கள். ஆசிரியர் இப்போது எங்கே படுக்கிறார்? கீழே, முன் விறாந்தையில், சாய்மனைக் கதிரையில். மாடிக்கு 18 படி; அவருக்கு முழங்கால் நோ. கீழே மலசலகூடம் கட்டப்படவில்லை. வளவின் மூலையிலிருந்த பழையதே அவருக்கு. மழைக்காலத்திலே ஈரக்காலோடு வந்து மாபிளில் மிதிக்க அஞ்சி, சுவரைப் பிடித்துப் பிடித்து நடக்கிறார். புதுச் சுண்ணத்திலே அவர் கை பட்ட இடம் நீளக் கோடாகத் தெரிகிறது. பிள்ளைகளின் அன்பிலே குறையில்லை. வீடு எப்படி இருக்க வேண்டும் என்று தந்தையாரை எவரும் கேட்கவில்லை.

மாபிள் வேண்டாம் என்று நாம் ஒருதலையாகச் சொல்லவில்லை. கழுவ இலகு, பார்வைக்கு நல்லது. ஆனால் குளிக்குமிடத்திலும், அடுப்படியிலும், விறாந்தை ஓரத்திலும் சொரசொரப்பான வகையையே பதிக்க வேண்டும். அதே கடையில், அநேகமாக அதே விலையில் அதுவும் இருக்கிறது. கடையில் மாதிரியைத் தண்ணீரில் நனைத்துப் பெருவிரலால் அழுத்தித் தள்ளிப் பாருங்கள். பதித்தாயிற்றென்றால், பின்புறம் றப்பர் உள்ள விரிப்பைப் போடலாம். சேலைத் துண்டைக் கால்மிதியாகப் போடும் வழக்கத்தை இன்றே விடுங்கள். மாபிளின் மேல் அது சறுக்குப் பலகை.

படிகளைப் பற்றி. 2006 ஆம் ஆண்டிலே இலங்கை அரசாங்கம் பொதுக் கட்டடங்களுக்கு வலுக்குறைந்தோர் ஏறிச் செல்லும் வசதி வேண்டும் என்று ஒழுங்குவிதி செய்தது. நம் தனி வீடுகளை அது தொடவில்லை. நாமே செய்துகொள்ள வேண்டும். சாய்தளத்திற்கு உலகெங்கும் வழங்கும் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. உங்கள் வீட்டுத் தளம் ஒன்றரை அடி உயரமானால் சாய்தளம் 18 அடி நீளம் வேண்டும். வளவு சிறிதானால் நடுவிலே ஒரு சமதளம் விட்டுத் திருப்பிக் கட்டலாம். இடமில்லை என்று ஆறடியிற் செங்குத்தாகக் கட்டிவிட்டு, அதனைச் சாய்தளம் என்று சொல்லாதீர்கள். சில்லுக்கதிரை அதிலே ஏறாது, இறங்கினால் நில்லாது. நடக்கக்கூடியவருக்குச் சாய்தளத்தைவிட நல்ல படியே உத்தமம் என்பது நம் அபிப்பிராயம். படி உயரம் ஆறு அங்குலத்தைத் தாண்டாமலும், எல்லாப் படியும் ஒரே உயரமாயும், மிதிக்குமிடம் ஓரடி அகலமாயும் இருக்கட்டும். மேசன்மார் கடைசிப் படியை மட்டும் மிச்சத்திற்கு ஏற்பக் குட்டையாகவோ நெட்டையாகவோ விட்டுவிடுவார்கள். கால் பழகிய உயரத்தை எதிர்பார்த்து அங்கேதான் தடுக்கும். படியின் விளிம்பிலே இரண்டு அங்குல அகலத்திற்கு மஞ்சள் மை பூசுங்கள். இருபுறமும் பிடி வேண்டும். ஏறும்போது நல்ல கைப்பக்கம் வந்த பிடி இறங்கும்போது மற்றக் கைப்பக்கம் வந்துவிடும் அல்லவா?

அறைகளுக்கு இடையேயுள்ள நிலைப்படியைத் தச்சரைக் கொண்டு அறுத்துச் சமப்படுத்தலாம். வாசற்படிக்கு மஞ்சள் குங்குமம் இடும் வீடுகளில் தலைவாசற்படியை அப்படியே விட்டு, உள்ளேயுள்ளவற்றை மட்டும் எடுத்தாலும் போதும். இரட்டைக் கதவுள்ள பழைய வாசல்களில் ஒரு கதவை மட்டும் திறப்பது நம் வழக்கம். சில்லுக்கதிரை போக 32 அங்குலமாவது வெளி வேண்டும். இரண்டையும் திறந்து அளந்து பாருங்கள். பல வீடுகளில் இடம் ஏற்கெனவே இருக்கும்.

வெளிச்சம் மலிவான மருந்து. 60 வயதுக் கண்ணின் உட்திரைக்குச் சேரும் ஒளி, 20 வயதுக் கண்ணுக்குச் சேர்வதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. உங்களுக்கு வெளிச்சமாகத் தோன்றும் அறை அப்புவுக்கு மங்கல். செலவைக் குறைக்க விறாந்தை விளக்கை அணைத்துவிட்டுப் போகும் அவர் சிக்கனத்தை மாற்ற முடியாது; ஆனால் எல்.ஈ.டி. குமிழின் மின்செலவு எவ்வளவு சொற்பம் என்று கணக்குப்போட்டுக் காட்டலாம், அவர் கணக்கிற்குக் கட்டுப்படுவார். படுக்கையிலிருந்தே கைக்கெட்டும் சுவிச்சு ஒன்று வேண்டும். 2022 பங்குனி மாத முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றதை நாம் மறக்கவில்லை. மின்னேற்றிய ரோச் விளக்கொன்று தலையணைப் பக்கத்தில், ஒரே இடத்தில், எப்போதும் இருக்கட்டும். விழித்ததும் எழாமல் சிறிது நேரம் கட்டில் விளிம்பிலே காலைத் தொங்கவிட்டு இருந்து எழச் சொல்லுங்கள். படுக்கையிலிருந்து சடுதியாக எழுந்தால் இரத்த அழுத்தம் இறங்கித் தலை கிறுகிறுக்கும்.

கிணற்றடியை எடுத்துவிட்டால் நம்மவர் குளித்ததாகவே எண்ணமாட்டார்கள். வாளியால் அள்ளித் தலையிலே ஊற்றுவதிலுள்ள சுகத்தைக் குழாய் தராது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆகவே கிணற்றடியைத் தடுக்க வேண்டாம், திருத்துவோம். கட்டைச் சுற்றியுள்ள தளத்தைக் கொத்திச் சொரசொரப்பாகப் பூசுங்கள். இருந்து குளிக்க முழங்கால் உயரத்திலே ஒரு சீமெந்துத் திண்டு கட்டி, அதனருகே குழாயும் கைபிடியும் வையுங்கள். தண்ணீரை மோட்டார் இறைக்கட்டும். அப்பு இருந்தபடி செம்பால் அள்ளி ஊற்றட்டும். மோட்டார்க் கம்பி ஈரத்தில் கிடக்கக் கூடாது. கசிவு கண்டால் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிச்சு வீட்டில் உண்டா, அது வேலை செய்கிறதா என்று மின்வேலை தெரிந்த நண்பர் ஒருவர் பார்த்துவிடட்டும்.

சுவாமி அறையையும் சொல்லாமல் விட முடியாது. விடியுமுன் எழுந்து, பனியில் நனைந்த முற்றத்திலே பூப்பறித்து, ஈரக்காலோடு உள்ளே வந்து, விளக்கிற்கு எண்ணெய் விடுகிறார்கள். எண்ணெய் சிந்தாத சுவாமி அறை உண்டா? எண்ணெயும் ஈரமும் சேர்ந்த நிலத்திலே விழுந்து வணங்கி எழுகிறார்கள். விளக்கின் கீழ் அகன்ற தட்டொன்று வையுங்கள். பக்கத்திலே உறுதியான முக்காலி ஒன்று போடுங்கள். அதிலிருந்தபடி தேவாரம் பாடினால் குறைவொன்றுமில்லை. முந்தானை விளக்கருகே தொங்காதபடி விளக்கு மாடத்தைச் சற்று உயர்த்துவதும் நல்லது.

அடுப்படிக்கு இரண்டு சொல் போதும். குனிந்து ஊதும் அடுப்பை இடுப்பளவு மேடைக்கு ஏற்றுங்கள். நாள்தோறும் எடுக்கும் உப்பு, தூள், தேயிலைப் போத்தல்களைத் தோளுக்கும் இடுப்புக்கும் இடையேயுள்ள தட்டில் வையுங்கள். வாங்கில் ஏறி எடுக்கும் நிலை வேண்டாம்.

அவசர காலத்திற்கும் வீடு ஆயத்தமாக இருக்க வேண்டும். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் இலவசமாக அம்புலன்ஸ் வண்டி வரும்; 2016 இல் தெற்கிலே தொடங்கிய அச்சேவை 2018 முதல் நம் மாகாணத்திலும் நடைபெறுகிறது. ஆனால் வண்டி ஒழுங்கைக்குள் திரும்ப வேண்டும், கேற் திறக்க வேண்டும், தூக்குப்படுக்கை விறாந்தைக்கு வர வேண்டும். பூச்சட்டிகளை வரிசையாக அடுக்கிய நடைபாதையால் அது வராது. வீட்டு இலக்கம், ஒழுங்கை, பக்கத்துக் கோயில் அல்லது சந்தியின் பெயர், உட்கொள்ளும் மருந்துகள் ஆகியவற்றைப் பெரிய எழுத்திலே எழுதித் தொலைபேசி அருகே ஒட்டுங்கள். பதற்றத்திலே சொந்த விலாசமே மறக்கும். அயலிலே ஒருவரிடம் ஒரு திறப்பு இருக்கட்டும்.

இவையெல்லாம் எளிய காரியங்கள். கடினமான காரியம் வேறு. ‘எனக்கென்ன, வயசு போட்டுதே? இவ்வளவு காலமும் நான் நடக்கேல்லையே?’ என்று அப்பு கேட்பாரே, அதற்கு மறுமொழி சொல்வதுதான் கடினம். கைபிடியைக் காணும்போது அவர் குழாயைக் காணவில்லை. தம் தளர்ச்சியை ஊர் காணும்படி சுவரிலே எழுதியதாகக் காண்கிறார். அந்த மானத்தை அலட்சியம் செய்தல் ஆகாது. இளைப்பாறிய ஆண்டிலேயே, கால் நன்றாக இருக்கும்போதே இவற்றைச் செய்யச் சொல்வது இதனாற்றான். அப்போது அது நோயாளிக்குச் செய்த மாற்றமன்று, வீட்டுத் திருத்தம். எங்கே எது வேண்டும் என்று அவரே மேசனுக்கு உத்தரவிடுவார். விழுந்தபின் செய்தால் மற்றவர்கள் உத்தரவிடுவார்கள், அவர் படுத்திருந்து கேட்பார்.

இன்னொன்றும் உண்டு. ‘கொழும்புக்கு வாருங்கள், கனடாவுக்கு வாருங்கள், அங்கே எல்லா வசதியும் இருக்கிறது’ என்று பிள்ளைகள் அழைக்கிறார்கள். அவர்கள் போவதில்லை, போனாலும் ஆறு மாதத்தில் திரும்பிவிடுகிறார்கள். பிடிவாதம் என்கிறோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு, வலிகாமத்திலிருந்து கையிற் பட்டதை எடுத்துக்கொண்டு மழையிலே நடந்தவர்களில் இவர்களும் இருந்தார்கள். திரும்பி வந்தபோது சிலருக்குக் கூரை இல்லை, சிலருக்குக் கதவு நிலை இல்லை. வடக்கே சிலருக்கு வளவுக்குள் காலடி வைக்கவே இருபது ஆண்டுக்கு மேற் சென்றது. ஓடு ஓடாகச் சேர்த்து மறுபடி எழுப்பிய வீட்டை முழங்கால் நோவுக்காக விட்டுப்போ என்றால் எப்படிப் போவார்கள்? அவர்களை வீட்டிலிருந்து பெயர்ப்பதைவிட, வீட்டை அவர்கள் அளவுக்குத் திருத்துவதே இலகு.

சங்கத்து வாலிபர்கள் இதிலே செய்யக்கூடியது என்ன? பெருந்திட்டம் போட்டு, அங்கத்தவர் குழு அமைத்து, அறிக்கை அச்சிட வேண்டியதில்லை. இருவர் இருவராகப் புறப்படுங்கள். அளவுநாடா, மட்டப்பலகை, ரோச் விளக்கு, ஒரு கொப்பி. நம் வட்டாரத்திலே முதியோர் தனித்திருக்கும் வீடுகளை நீங்கள் அறிவீர்கள். போனவுடன் குறை சொல்லத் தொடங்காமல், இருந்து தேநீர் குடித்துவிட்டு, ‘இராத்திரியிலே எழும்பினால் எந்தப் பக்கத்தால் போவீர்கள், ஆச்சி?’ என்று கேளுங்கள். அவர் நடந்து காட்டட்டும். நீங்கள் பின்னால் நடந்து, அவர் எங்கே சுவரைத் தொடுகிறார், எங்கே நின்று மூச்சு வாங்குகிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். கை பட்டுக் கறுத்த சுவரிலே கைபிடி வர வேண்டும். அவர் சம்மதியாமல் ஒரு கதிரையையும் இடம் மாற்ற வேண்டாம். இருட்டிலே அவர் அந்தக் கதிரையின் முதுகைத்தான் தேடுவார்.

ஊன்றுகோல் வைத்திருப்பவராயின் அதனையும் பாருங்கள். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரமே கோலின் உயரம். நெடியதை அறுத்து, நுனியிலே றப்பர் குப்பி மாட்டிக் கொடுங்கள். தேய்ந்து வழவழப்பான செருப்பையும் மாற்றிக் கொடுக்கலாம்.

தச்சருக்கும் மேசனுக்கும் கூலி கொடுக்க வேண்டிய வேலைகளுக்கு வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு எழுதுங்கள்; மனமுவந்து அனுப்புவார்கள். எவ்வளவு குறைந்த தொகை என்று அறிந்து ஆச்சரியப்படவும் கூடும். பிள்ளைகள் இல்லாத வீடுகளுக்குச் சங்கத்து நிதியில் இந்த ஆண்டு ஒரு பங்கு ஒதுக்கலாமா என்று செயற்குழுவினர் யோசிக்க வேண்டுகிறோம். சிலவற்றிற்குக் கூலியே வேண்டியதில்லை. கதவுக் கீலை மாற்றி வெளியே திறக்கச் செய்வது கைப்பழக்கமுள்ள ஒருவருக்கு அரை நாள் வேலை. கட்டிற் காலுக்குக் கட்டை வைத்து உயர்த்துவது அரை மணி நேரம்.

கிணற்றடி மட்டும் பொறுக்காது. ஐப்பசி மழை பிடித்தால் பாசி மறுபடி ஏறும். ஈரத்திலே சீமெந்தும் பிடியாது. புரட்டாதிச் சனிக்கிழமைகளில், கோயிலுக்குப் போய்வந்த கையோடு, தென்னந்தும்பும் குளோரின் தூளும் எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். ஒரு கிணற்றடிக்கு நாலு பேர், இரண்டு மணித்தியாலம். தேய்த்த தளத்தை நல்ல வெயிலில் ஒரு நாள் காயவிட்டு மறுநாள் பூசலாம்.